11 அடிச்சா சிரிப்பு வரும்

ராத்திரி பதினொன்றே முக்கால். ஹாஸ்டல் ஜன்னல் கம்பியில ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டின என் செல்போன்தான் ஹாட்ஸ்பாட். (எங்க பிளாக்ல சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அந்தக் கம்பி!) மறுநாள் காலையில ஹீட் டிரான்ஸ்ஃபர் இன்டர்னல். நானோ லேப்டாப் முன்னாடி பிரெஞ்சு ராஜாவா உட்கார்ந்து, என் ஊரு பத்தி எரியறதைப் பார்த்துட்டிருக்கேன். கடைசி வீடும் சரியுது. எதிராளி சாட்ல ஒரே ஒரு நம்பர் அடிக்கிறான்... 11.

உடனே ஸ்பீக்கர்ல ஒரு சிரிப்பு. வில்லன் சிரிப்பெல்லாம் இல்லை பாஸ். கல்யாண வீட்டுல சொந்தக்கார மாமா ஒருத்தர் தன் ஜோக்குக்குத் தானே சிரிப்பாரே, அந்த மாதிரி. அதனாலதான் கடுப்பு ரெண்டு மடங்கு.

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்-2’ ஆடினவங்களுக்கு அந்தச் சிரிப்பு நல்லாவே தெரியும். ஆடாதவங்களுக்கு ஒரு சின்ன இன்ட்ரோ. அமெரிக்காவின் என்செம்பிள் ஸ்டூடியோஸ் உருவாக்கி, 1999-ல் வெளிவந்த கேம் இது. அதாவது, இதைப் படிக்கிற உங்கள்ல முக்கால்வாசிப் பேரைவிட வயசுல மூத்தது! கேமை உருவாக்கின கம்பெனியையே 2009-ல் இழுத்து மூடிட்டாங்க. ஆனா, கேம் சாகலை. 2019 நவம்பர்ல ‘டெஃபினிட்டிவ் எடிஷன்’னு புது மெருகு போட்டு மறுபடி வந்துச்சு.

எனக்கு இதை அறிமுகப்படுத்தினது பெரியப்பா பையன். லீவுக்குப் போனா, அண்ணன் கம்ப்யூட்டர்ல ஆடும், நான் பக்கத்துல ஸ்டூல் போட்டு வேடிக்கை பார்ப்பேன். ‘ஹவ் டு யூ டர்ன் திஸ் ஆன்’னு டைப் பண்ணினா, வில்லும் அம்புமா அலையற அந்தக் காலத்து யுத்தத்துக்கு நடுவுல, துப்பாக்கி வெச்ச ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வந்து நிக்கும். ‘லம்பர்ஜாக்’னு அடிச்சா விறகு வந்து கொட்டும். அதைப் பார்த்து வளர்ந்த பையன் நான். கம்ப்யூட்டரோட ஆடி, சுத்தி மதில் கட்டி, உள்ளே நிதானமா ரெண்டு மணி நேரம் சோறாக்கி, யானைப் படை திரட்டிப் போய் ஜெயிப்பேன். ‘நம்மளை அடிக்க ஆளே இல்லை’ங்கிற நினைப்போடதான் செகண்ட் இயர்ல முதல் முறையா ஆன்லைன் ரேங்க்டு மேட்ச்ல காலை வெச்சேன்.

பத்தாவது நிமிஷம் வந்தான். ரெண்டு மணி நேரம் இல்லீங்க, பத்து நிமிஷம்! நாலு குதிரை. என் விறகுவெட்டிகளைத் துரத்தித் துரத்திக் கொன்னான். என்கிட்ட ஒரு ஈட்டிக்காரன்கூட இல்லை. என்ன பண்றதுன்னு தெரியாம மதில் கட்ட ஆரம்பிச்சேன். அவன் உள்ளே இருக்கும்போதே!

சரி, மேட்டருக்கு வருவோம். இந்த கேம்ல அடிப்படை ஒண்ணுதான். ஆரம்பத்துல ஒரு டவுன் சென்டர், மூணு வில்லேஜர், ஊர் சுத்திப் பார்க்க ஒரு குதிரைக்காரன். ஒரு வில்லேஜரை உருவாக்க 50 சாப்பாடு, 25 செகண்ட். அது கேம் கடிகாரத்துல. ஆன்லைன்ல எல்லாம் 1.7 மடங்கு வேகத்துல ஓடும். அதனால, உங்க கைக்கடிகாரத்துல 15 செகண்டுக்கும் கொஞ்சம் கம்மி. அந்த 15 செகண்டுக்குள்ள ஆடு தேடணும், வீடு கட்டணும் (ஒரு வீட்டுல அஞ்சு பேருக்குத்தான் இடம். வீடு இல்லைன்னா அடுத்த ஆள் பிறக்கவே மாட்டான்), மரம் வெட்ட ஆள் அனுப்பணும், எதிரி வர்றானான்னு பார்க்கணும். நடுவுல டவுன் சென்டர் ஒரு செகண்ட்கூட சும்மா இருக்கக் கூடாது. ஒரு ஆள் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 20 பொருள் சம்பாதிப்பான். டவுன் சென்டர் அஞ்சு நிமிஷம் சும்மா இருந்தா 12 பேர் பிறக்கலைன்னு அர்த்தம். அந்த 12 பேர் சம்பாதிச்சிருந்தா ரெண்டு நிமிஷத்துக்கு மூணு குதிரை வீரன் கூடுதலா வந்திருப்பான். சண்டைக்களத்துல ‘சே, மூணே பேர் கம்மியா இருந்துட்டானே’ன்னு நெஞ்சுல அடிச்சுக்கறோம் பாருங்க... அந்த மூணு பேரும் செத்தது சண்டையில இல்லை. ஏழாவது நிமிஷத்துல நீங்க ஆடு தேடிக்கிட்டிருந்தப்பவே போயிட்டாங்க.

அடுத்தது காட்டுப்பன்னி. சாப்பாடு வேணும்னா அதை ஒரு ஆளை விட்டு அம்பெய்து, வெறியேத்தி, டவுன் சென்டர் வரைக்கும் துரத்த வைக்கணும். நம்ம ஆள் முன்னாடி ஓட, பன்னி பின்னாடி ஓட... பார்க்கறதுக்கு செம காமெடி. ஆனா, ஒரு நொடி கவனம் சிதறினாலும் ஆள் காலி. 25 செகண்ட் வளர்த்த பிள்ளையைப் பன்னி சில முட்டுலயே முடிச்சிடும். எத்தனை பேரை இப்படிப் பறிகொடுத்திருக்கேன்னு கேக்காதீங்க. ரூம் கதவைத் தட்டி ‘மச்சி, ஸ்டேப்ளர் இருக்கா?’ன்னு கேட்ட எதிர் ரூம்காரன்தான் அதுல பாதிக் கொலைக்குக் காரணம்!

இதையெல்லாம் தாண்டினா, யாரை வெச்சு யாரை அடிக்கிறதுங்கிற கணக்கு. குதிரைக்கு ஈட்டி. ஈட்டிக்கு வில். வில்லுக்குக் கேடயம் பிடிச்ச எறியீட்டிக்காரன். கூட்டமா நிக்கிற வில்லாளிகளுக்குக் கல்லெறியற வண்டி. சுலபமா இருக்குல்ல? கல் வண்டி யாரு எவருன்னு பார்க்காது சார். ஒரு தடவை எதிரியோட ஈட்டிக்காரங்க என் வில்லாளிகளை நெருங்கிட்டாங்க. ‘போட்டேன் பார்டா’ன்னு என் கல் வண்டியைத் திருப்பினேன். கல்லு பறந்துச்சு. என் ஆளுங்க 14 பேர் அவுட். எதிரி ஆளுங்க ரெண்டே ரெண்டு பேர். அவன் அடிச்சான்... அதே 11.

நார்வேக்காரர் ‘தி வைப்பர்’, கனடாக்காரர் ‘ஹேரா’ இவங்க ஆடற வீடியோவைப் போட்டுப் பார்த்தா, எல்லாம் கைக்கு எட்டற தூரத்துல இருக்கற மாதிரியே தெரியும். கல் பறந்து வர்றதுக்குள்ள வில்லாளிகளை ரெண்டா பிரிச்சு விலக்குவாங்க. அதே நேரத்துல பின்னாடி ஊர்ல வில்லேஜர் பிறந்துக்கிட்டே இருப்பான். மாஸ்டர் தோசை திருப்பறதைப் பார்த்துட்டு, வீட்டுக்குப் போய் நாமளும் திருப்பிப் பார்த்தா என்ன ஆகும்? அதேதான் ஆச்சு எனக்கும்.

ரேங்க்டுல எல்லாருக்கும் ஆரம்பப் புள்ளி 1000. அர்பாத் ஈலோன்னு ஒரு இயற்பியல் புரொபசர், ஹங்கேரியில பிறந்து அமெரிக்காவுல வாழ்ந்தவர், செஸ்ஸுக்காகக் கண்டுபிடிச்ச கணக்கு இது. சமமான ரெண்டு பேர் மோதினா ஜெயிச்சவனுக்கு ஏறத்தாழ 16 ஏறும், தோத்தவனுக்கு அதே 16 இறங்கும். இதுல உள்ள வில்லங்கம் என்னன்னா, நீங்க ஜெயிக்க ஜெயிக்க உங்களைவிடப் பெரிய ஆளா பார்த்துக் கோத்துவிடும். அதனால, எவ்வளவு தேறினாலும் பாதி மேட்ச் தோத்துக்கிட்டேதான் இருப்பீங்க. நான் அந்தப் பாதிக்குக்கூட வரலை. ரெண்டே மாசத்துல 1000 போய் 687. எங்க யூனிவர்சிட்டி மார்க்கே தேவலாம்னு ஆயிடுச்சு.

இந்த இடத்துலதான் ஒண்ணை ஒப்புக்கணும். அந்த 687-க்கு என்கிட்ட காரணங்கள் இருந்துச்சு. ஒரு லிஸ்ட்டே இருந்துச்சு. ஹாட்ஸ்பாட் இழுத்துடுச்சு. மவுஸ் டபுள் கிளிக் ஆகுது. என் தங்கச்சுரங்கம் எதிரி பக்கமா வந்துடுச்சு, மேப் சரியில்லை. அவன் எடுத்த நாடு ஓவர் பவர். அவன் பெரிய ஆளு, புது ஐடியில ஏமாத்தி ஆடறான். ஒருத்தனுக்கு ஒருத்தன் ஆடற மேட்ச்ல குத்தம் சொல்றதுக்கு ஆள் கிடையாது இல்லையா? அதான் மவுஸையும் மேப்பையும் பிடிச்சுக்கிட்டேன்.

குத்தம் சொல்ல ஆள் கிடைச்சப்ப என்ன பண்ணேன்னு சொல்லத்தான் இவ்வளவு இழுத்தேன்.

என் ரூம்மேட்டுக்கு ஹாஸ்டல்ல வெச்ச பேர் ‘தாத்தா’. ஒன்பதரைக்குத் தூங்கிடுவான், துண்டை மடிச்சு வெப்பான், சாம்பார்ல உப்பு கம்மின்னா ‘பரவாயில்லை, உடம்புக்கு நல்லது’ம்பான். நான் நச்சரிச்சு நச்சரிச்சுத்தான் அவன் இந்த கேமுக்குள்ள வந்தான். 2022 ஏப்ரல்ல ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ன்னு ஒரு சேர்க்கை வந்துச்சு. அதுல ‘டிரவிடியன்ஸ்’னு நம்ம ஊர்க் கூட்டம் உண்டு. ராஜேந்திர சோழன் பேர்லயே தனியா ஒரு கதைத் தொடர், உருமி சுழற்றுற வீரன், சண்டைக் கப்பல் எல்லாம் இருக்கும். முக்கியமா, ஆளை கிளிக் பண்ணினா தமிழ்ல பதில் சொல்லுவான். தாத்தா அதுல விழுந்துட்டான். எந்த மேட்ச்சா இருந்தாலும் டிரவிடியன்ஸ்தான். ‘அந்தக் கூட்டத்துக்கு நைட்னு சொல்ற கவச குதிரைப்படையே கிடையாதுடா, டீம்ல எடுக்காதே’ன்னு தலைகீழா நின்னு சொன்னேன். ‘ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் 200 விறகு சும்மா தர்றாங்கடா. சும்மா கிடைக்கறதை ஏன் விடணும்?’னு கேட்டான். தாத்தாதானே!

ரெண்டு பேர் டீமா ஆட ஆரம்பிச்சோம். ஆளுக்கொரு கட்டில், ஆளுக்கொரு லேப்டாப். நான் பெரிய ஹெட்போன் மாட்டிக்கிட்டு ஆடுவேன். எனக்கு எப்பவும் பிராங்க்ஸ். குதிரைப்படைக்கு 20 சதவிகிதம் கூடுதல் உயிர், கெத்து!

தேர்ட் இயர் நவம்பர்ல ஒரு சனிக்கிழமை. தொடர்ந்து நாலு மேட்ச் தோத்திருந்தோம். அஞ்சாவது. 22-வது நிமிஷத்துல எதிரி ரெண்டு பேரும் சேர்ந்து தாத்தா ஊருக்குள்ள புகுந்துட்டாங்க. அவன் ஆளுங்க மணியடிச்சு டவுன் சென்டருக்குள்ள ஓடறாங்க. என் நைட்ங்க அப்பதான் வர ஆரம்பிச்சிருக்கு. ‘நல்லா சேர்த்துக்கிட்டுப் போலாம்’னு காத்திருந்தேன். போறதுக்குள்ள அவன் கதை முடிஞ்சு, ரெண்டு பேரும் என்மேல பாய்ஞ்சு, அவ்வளவுதான். 11 வேற அடிச்சானுங்க. ரெண்டு பேருமா.

ஹெட்போனைக் கழட்டிக் கட்டில்ல வீசினேன். ‘உன்னைக் கூட வெச்சுக்கிட்டு ஆடறதுக்கு, கம்ப்யூட்டரைக் கூட்டு சேர்த்து ஆடலாம். அதுவாவது பத்து நிமிஷம் தாங்கும்’ அப்படின்னேன். அதோட விட்டிருக்கலாம். ‘நீ எதுக்குடா இதெல்லாம்? போய் துண்டை மடி’ன்னும் சொன்னேன்.

தாத்தா ஒண்ணும் பேசலை. லேப்டாப்பை மூடினான். போர்வையை இழுத்துக்கிட்டான்.

மறுநாள்லேருந்து அவன் கேம் பக்கமே வரலை. சண்டைன்னும் சொல்ல முடியாது. ‘ஃபேனைக் குறைக்கவா?’, ‘குறை’. ‘லேப் ரெக்கார்ட் முடிச்சிட்டியா?’, ‘ம்’. இவ்வளவுதான். பத்துக்குப் பன்னண்டு ரூம்ல ரெண்டு கட்டில். நடுவுல மூணடி. உங்க ரூம்மேட்டோட மூணு வாரம் இப்படி இருந்து பாருங்க, தெரியும். மெஸ்ஸுக்குக்கூட அவன் எட்டு மணிக்குப் போனா, நான் எட்டரைக்குப் போனேன். ‘அவனுக்குத்தான் ரோஷம் ஜாஸ்தி’ன்னு எதிர் ரூம்காரன்கிட்ட நியாயம் வேற பேசினேன்.

நான் மட்டும் தனியா ஆடி, தோத்துக்கிட்டிருந்தேன். முன்னேறணும்னா நீங்க தோத்த மேட்ச்சோட ரெக்கார்டிங்கை உட்கார்ந்து பாருங்கன்னு, இந்த கேம் பத்திச் சொல்லித் தர்றவங்க எல்லாரும் சொல்றது. ஒவ்வொரு மேட்ச்சும் தானா பதிவாகும். யார் கண்ணால வேணும்னாலும் பார்க்கலாம். ஆனா, கேமுக்குப் புது அப்டேட் வந்துட்டா பழைய ரெக்கார்டிங் பெரும்பாலும் திறக்காது. ‘அப்டேட் வரப்போகுது’ன்னு தெரிஞ்ச ஒரு ராத்திரி, சரி, இருக்கறதைப் பார்த்து முடிப்போம்னு திறந்தேன். லிஸ்ட்ல அந்தச் சனிக்கிழமை மேட்ச்சும் இருந்துச்சு. உண்மையைச் சொல்லிடறேன். தாத்தா எவ்வளவு கேவலமா ஆடினான்னு பார்க்கத்தான் அவனோட பக்கத்தைக் கிளிக் பண்ணினேன்.

16-வது நிமிஷம். தாத்தா ஒரு மார்க்கெட் கட்டறான். எதுக்குடா இந்த நேரத்துல மார்க்கெட்னு நினைச்சேன். கட்டி முடிச்ச உடனே அதுலேருந்து 300 சாப்பாடு அனுப்பறான். யாருக்கு? எனக்கு! அனுப்பற பொருள்ல ஒரு பங்கு வரியா கழிஞ்சு போகும். அதையும் தாங்கிக்கிட்டு அனுப்பியிருக்கான். கொஞ்ச நேரத்துல தங்கம். நான் எப்படி 19-வது நிமிஷத்துல கேஸில் யுகத்துக்குப் பொத்தானை அழுத்தினேன்னு அப்பதான் புரிஞ்சுது. அதுக்கு 800 சாப்பாடு, 200 தங்கம் வேணும். ‘சூப்பர்டா, இன்னிக்கு எகானமி பின்றோம்’னு அன்னிக்கு என்னை நானே தட்டிக்கொடுத்திருந்தேன். ஸ்கிரீன்ல அறிவிப்பு வந்திருக்கு. நான் பார்க்கலை.

அந்த 300 சாப்பாட்டுல அவன் 12 எறியீட்டிக்காரனை எடுத்திருக்கலாம், விறகு அவன்கிட்ட இருந்துச்சு. அவங்க கூட்டத்துக்கே அது வேகமா எறியும். எடுத்திருந்தா அந்த வில்லாளிக் கூட்டத்தைத் தடுத்திருப்பான்.

அப்புறம் அந்த 22-வது நிமிஷம். அவன் கண்ணால பார்க்கிறேன். அஞ்சே அஞ்சு வயல். எதிரி ரெண்டு பக்கமும். தாத்தா வீடுகளை வரிசையா கட்டி வழியை அடைக்கிறான். ஒரு வீடு இடிஞ்சா, பின்னாடி இன்னொண்ணு. ஆளுங்களை உள்ளே அனுப்பறான், வெளியே எடுக்கறான், மறுபடி அனுப்பறான். ஒன்பதரைக்குத் தூங்கற பையன், ரெண்டு பேரை ஆறு நிமிஷம் தனியா நிறுத்தி வெச்சிருக்கான். சட்டுனு என் பக்கத்துக்கு மாத்திப் பார்த்தேன். என் தங்கச்சுரங்கத்துக்குப் பக்கத்துல ஒன்பது நைட். சும்மா நிக்கறாங்க. நான் அப்போ வயல் போட்டுக்கிட்டிருந்தேன், அழகா, வட்டமா. என் டவுன் சென்டரும் சும்மா இருந்துச்சு. மொத்தம் எவ்வளவு நேரம்னு கணக்குப் பண்ணினேன். நாலு நிமிஷத்துக்கு மேல.

இன்னொண்ணும் ஞாபகம் வந்துச்சு. மேட்ச் ஆரம்பத்துல தாத்தா ஏதோ சொன்னான். ஹெட்போனுக்குள்ள பாதிதான் கேட்டுச்சு, தலையை மட்டும் ஆட்டினேன். ‘நீ நைட் எடு, அதுவரைக்கும் நான் பிடிச்சு வெச்சுக்கறேன்.’ இதைத்தான் சொல்லியிருக்கான்.

மணி ஒண்ணு. மூணடி தள்ளித் தாத்தா குறட்டை விட்டுக்கிட்டிருந்தான். எழுப்பலாமான்னு நினைச்சேன். எழுப்பி என்னன்னு சொல்றது?

காலையில எட்டு மணிக்கே மெஸ்ஸுக்குப் போனேன். கோதுமை உப்புமா. எதிர்ல போய் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம, ‘மச்சி, அந்தச் சனிக்கிழமை ரெக்கார்டிங் பார்த்தேன்டா’ன்னேன். தாத்தா உப்புமாவையே பார்த்தான்.

‘நீ எனக்குச் சாப்பாடு அனுப்பியிருக்கே.’

‘ஆமா.’

‘ஏன்டா அன்னிக்கே சொல்லலை?’

‘நீ எங்கடா கேட்டே? ஹெட்போனைத் தூக்கிப் போட்டுட்டுக் கத்துனே.’

‘நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுடா. தப்பு என்னோடது. ஒன்பது நைட் சும்மா நின்னுது.’

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், ‘துண்டு மடிக்கறதைச் சொன்னேல்ல... அதுதான்டா ரொம்ப ஒரு மாதிரியா ஆயிடுச்சு’ன்னான். அவங்கப்பா துணிக்கடையில வேலை பார்க்கிறவர். நாள் முழுக்கத் துணி மடிச்சு அடுக்கற வேலை. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சு சொல்லலை. ஆனா, தெரியும்.

‘ஸாரிடா’ன்னேன். வேற என்ன சொல்ல? தட்டை எடுத்துக்கிட்டு எந்திரிச்சவன், ரெண்டடி போய்த் திரும்பினான். ‘300 சாப்பாடு பாக்கி இருக்கு. பைபாஸ் கடையில முட்டை பரோட்டா. வரி போக வேண்டாம், முழுசா வேணும்.’

மூணு முட்டை பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். சால்னா தனியா.

இப்போ ஃபைனல் இயர். இன்னும் ஆடறோம், சனிக்கிழமை மட்டும், ஹெட்போன் இல்லாம. தனி ஆட்டத்துல என் நம்பர் 840 பக்கம் வந்து நிக்குது. ஏறுது, இறங்குது. மவுஸ் மாத்திட்டேன். அதனால ஒரு வித்தியாசமும் இல்லை. தாத்தா இன்னும் அதே டிரவிடியன்ஸ்தான். போன வாரம் நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. ஏழாவது நிமிஷத்துல பன்னி துரத்த, என் வில்லேஜர் ஓட, அந்த நேரம் பார்த்து எதிர் ரூம்காரன் கதவைத் தட்ட... செத்தான். என் டவுன் சென்டருக்கு எதிர்லேயே செத்தான். எதிரி பார்க்கலை. ஆனா, பக்கத்துக் கட்டில்லேருந்து தாத்தா என் ஸ்கிரீனை எட்டிப் பார்த்துட்டு, நிதானமா கீபோர்டுல ரெண்டு தடவை தட்டினான்.

11.